எடுத்தது ஒன்று, விட்டு வைத்தது மூன்று
ஹஜ்ரத் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் வாழ்விலே

அல்லாஹுத் தஆலா நமக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளில் நாம் எண்ணிப் பார்ப்பவை மிகச் சில. கால் ஒன்று இருக்கிறது என்பதே முள் தைத்த நாளில்தான் நினைவுக்கு வருகிறது. பல் இருப்பது பல்வலியின்போதும், தண்ணீர் இருப்பது கிணறு வற்றும்போதும்தான் தெரிகிறது. கையில் உள்ளவரை கணக்கில் வராத பொருள், கையை விட்டுப் போனதும் பெரும் பொருளாகிவிடுகிறது. அப்பொழுதும் போனதையே எண்ணுகிறோமே தவிர, மிச்சமிருப்பதை எண்ணுவதில்லை.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக் காட்டிய பெரியார் ஒருவரின் சரிதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அவர்கள்தாம் தாபியீன்களில் தலைசிறந்தவரும், மதீனாவின் ஏழு சட்ட மேதைகளில் ஒருவருமான ஹஜ்ரத் உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள்.

பிறந்த குடும்பம்

ஹிஜ்ரி 23ஆம் ஆண்டு வாக்கில் (கி.பி. 644) மதீனாவில் பிறந்தார்கள். தந்தை ஹஜ்ரத் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்கள், சுவர்க்கம் உண்டென்று இவ்வுலகிலேயே நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் ஒருவர். தாயார் ஹஜ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மூத்த புதல்வி அஸ்மா (ரலி) அவர்கள். தந்தையைப் பெற்ற பாட்டியார் ஸபிய்யா (ரலி) அவர்களோ, நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் அத்தை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறிய தாயார். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிரீன்களுக்குப் பிறந்த முதல் குழந்தையான அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் உடன்பிறந்த மூத்த சகோதரர்.

அந்த வீட்டில் காயம் என்பது புதிய சங்கதியல்ல. தந்தையின் உடம்பில் மூன்று பெரிய வாள்வெட்டுத் தழும்புகள் இருந்தன. பத்ரிலும் யர்மூக்கிலும் பட்டவை அவை. தோளில் இருந்த தழும்பு விரல் நுழையும் அளவுக்குப் பள்ளமாக இருந்ததாம். சிறுவர் உர்வா அந்தப் பள்ளத்தில் விரலை விட்டு விளையாடுவார்கள். இதனை அவர்களே பிற்காலத்தில் அறிவித்திருக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது. அல்லாஹ்வின் பாதையில் பட்ட காயத்தை அந்த வீட்டில் மறைக்கவுமில்லை. அதைச் சொல்லி அழவுமில்லை. பிள்ளை விளையாடுகிற இடமாகவே அது இருந்தது.

சிறிய தாயாரிடம் பயின்ற பாடம்

உர்வா (ரஹ்) அவர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டிற்குத் தடையின்றிச் சென்று வரும் உறவுரிமை. மற்ற மாணவர்கள் திரைக்கு அப்பால் இருந்து கேட்டார்கள். சகோதரியின் மகனான இவர்களோ நெருங்கி இருந்து கேட்டார்கள். அன்னையார் ஹிஜ்ரி 58ல் வபாத்தானார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவர்களிடமிருந்த ஹதீஸ்கள் அனைத்தையும் தாம் மனத்தில் ஏந்திக் கொண்டுவிட்டதாக உர்வா (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

அங்கே கேட்ட ஹதீஸ்களில் இரண்டை மட்டும் வாசகர்கள் இவ்விடத்தில் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

ஒன்று: பெருமானார் (ஸல்) அவர்களின் வீடுகளில் இரண்டு மாதங்களுக்குள் மூன்று பிறைகள் கண்டும் அடுப்பு மூட்டப்படாத காலம் இருந்ததென்று அன்னையார் சொன்னார்கள். அப்படியானால் எதை உண்டு உயிர் வாழ்ந்தீர்கள் என்று உர்வா (ரஹ்) கேட்டார்கள். பேரீத்தம்பழமும் தண்ணீரும்தான் என்பது பதில். அண்டை வீட்டு அன்ஸாரிகள் அனுப்பிய பாலையும் அன்னையார் மறவாமல் குறிப்பிட்டார்கள். அண்டை வீட்டார் தந்த ஒரு மிடறு பாலையும் எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் நினைவில் வைத்துச் சொல்வதே ஷுக்ரு அல்லவா?

இரண்டு: நாயகம் (ஸல்) அவர்கள் பாதங்கள் வீங்கி வெடிக்கும் அளவுக்கு இரவில் நின்று தொழுவார்கள். முன் பின் குறைகள் யாவும் மன்னிக்கப்பட்டிருக்க ஏன் இத்தனை சிரமம் என்று அன்னையார் கேட்டார்கள். நன்றியுள்ள அடியானாக நான் இருக்க வேண்டாமா என்னும் கருத்தில் பெருமானார் (ஸல்) பதில் அளித்தார்கள். இந்த ஹதீஸை அன்னையாரிடமிருந்து அறிவித்து உலகுக்குத் தந்தவர் நம் உர்வா (ரஹ்) அவர்களே. பாதமும் நன்றியும் ஒன்றாக வரும் இந்த ஹதீஸைச் சுமந்த மனிதருக்குத்தான் பின்னால் பாதத்தில் சோதனை வந்தது.

நெருப்பில் போட்ட ஏடுகள்

அவர்களின் ஹயாத்து அமைதியான காலத்தில் கழியவில்லை. ஹிஜ்ரி 36ல் ஜமல் போர்க்களத்தை ஒட்டித் தந்தையார் ஷஹீதாக்கப்பட்டார்கள். அப்போது உர்வா (ரஹ்) அவர்கள் சிறு வயதினர் என்பதால் படையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஹிஜ்ரி 72ல் சகோதரர் முஸ்அப் இராக்கில் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு, கி.பி. 692ல், ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டு அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களையும் ஷஹீதாக்கியது. உர்வா (ரஹ்) அவர்கள் பழி வாங்கப் புறப்படவில்லை. குழப்பங்களிலிருந்து விலகி, இல்மு ஒன்றையே பற்றிக் கொண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பற்றிக் கலீபா அப்துல் மலிக் கேட்டபோது, அவருக்குக் கடிதங்கள் வாயிலாக எழுதி அனுப்பினார்கள். அவற்றின் பகுதிகள் இமாம் தபரீ அவர்களின் வரலாற்று நூலில் இன்றும் இருக்கின்றன.

இழப்பு எப்படி வலிக்கும் என்பதை அவர்கள் அறியாதவர்களும் அல்லர். ஹிஜ்ரி 63ல் மதீனாவின் மீது ஹர்ரா போர் மூண்ட நாளில், தாம் எழுதி வைத்திருந்த பிக்ஹு ஏடுகளைத் தம் கையாலேயே எரித்துவிட்டார்கள். பின்னர் அதற்காக மிகவும் வருந்தி, குடும்பமும் செல்வமும் இருப்பதைவிட அந்த ஏடுகள் இருந்திருந்தால் எவ்வளவு பிரியமாயிருக்கும் என்று ஏங்கியதாக மகனார் ஹிஷாம் (ரஹ்) அறிவிக்கிறார்கள். தம் கையால் அழித்ததற்கு இத்தனை வருந்தியவர்கள், அல்லாஹ் தன் நாட்டப்படி எடுத்துக் கொண்டதற்கு எப்படி நடந்து கொண்டார்கள் என்பதை இனிப் பாருங்கள்.

டமாஸ்கஸ் பயணம்

கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக்கின் ஆட்சி ஹிஜ்ரி 86 முதல் 96 வரை (கி.பி. 705-715) நடந்தது. அந்தக் காலத்தில் உர்வா (ரஹ்) அவர்கள் தம் மைந்தர் முஹம்மதையும் அழைத்துக் கொண்டு மதீனாவிலிருந்து டமாஸ்கஸுக்குப் புறப்பட்டார்கள். 60 வயதைத் தாண்டிய பருவம். வழியில் வாதில் குரா என்னும் பள்ளத்தாக்கை அடைந்தபோது காலில் ஒரு புண் தோன்றியது. சதையைத் தின்று கொண்டே மேலே ஏறும் அழுகல் நோய் அது. டமாஸ்கஸ் சேர்வதற்குள் நடக்க முடியாமல் போய், பல்லக்கில் வைத்துச் சுமந்து செல்லும்படி ஆயிற்று.

கலீபா மருத்துவர்களை வரவழைத்தார். காலைத் துண்டிக்காவிட்டால் நோய் உடல் முழுதும் பரவிவிடும் என்று அவர்கள் ஒருமுகமாகக் கூறினார்கள். வலி தெரியாதிருக்க மயக்கந்தரும் பானம் கொடுக்க முன்வந்தார்கள். உர்வா (ரஹ்) அதை மறுத்துவிட்டார்கள். தம் ரப்பை அறியாத நிலைக்கு அறிவை மயக்கிக் கொள்ள அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. பிடித்துக் கொள்ள ஆட்கள் வந்து நின்றபோது, அதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, நாவைத் திக்ரில் ஈடுபடுத்திக் கொண்டார்கள். கத்தியால் சதையை அறுத்து, ரம்பத்தால் எலும்பை அறுத்தார்கள். இரத்தம் நிற்பதற்காகக் கொதிக்கும் எண்ணெயில் காலை வைத்தபோதுதான் மூர்ச்சையானார்கள்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். உர்வா (ரஹ்) அவர்கள் செய்தது அவர்களின் மேலான படித்தரத்திற்கு உரியது. சிகிச்சையின் அவசியத்திற்காக இன்றைய மருத்துவர்கள் கொடுக்கும் மயக்க மருந்தை ஏற்பது கூடும் என்றே உலமாக்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். ஆதலால் இச்சரிதையைக் கேட்டுவிட்டு எவரும் தம் உடலை வருத்திக் கொள்ளத் துணிய வேண்டாம். நாம் எடுத்துக் கொள்ள வேண்டிய படிப்பினை அடுத்து வருவதில்தான் இருக்கிறது.

மூர்ச்சை தெளிந்து முகத்தின் வியர்வையைத் துடைத்துக் கொண்ட அவர்கள், அறுபட்ட பாதத்தைக் கொண்டு வரச் சொன்னார்கள். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இத்தனை காலமும் தம்மைச் சுமந்து நடந்த அந்தப் பாதத்தைக் கொண்டு ஒரு பாவத்தை நோக்கியும் தாம் நடந்ததில்லை என்பதை அல்லாஹ் அறிவான் என்று கூறினார்கள். பிறகு அதைக் கழுவி, மணம் பூசி, துணியில் சுற்றி, முஸ்லிம்களின் மையவாடியில் அடக்கச் செய்தார்கள். கூட்டாளி ஒருவரைக் கண்ணியமாக வழியனுப்பி வைப்பது போல இருந்தது அது. பகலில் திருமறையின் நான்கில் ஒரு பகுதியைப் பார்த்து ஓதி, இரவுத் தொழுகையில் அதையே மீண்டும் ஓதுவது அவர்களின் வழமை. கால் துண்டிக்கப்பட்ட அந்த ஓர் இரவில்தான் அது தவறியது. மறு இரவு மீண்டும் தொடங்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

மைந்தரும் போனார்

சோதனை அத்துடன் நிற்கவில்லை. அதே பயணத்தில் மைந்தர் முஹம்மத், கலீபாவின் குதிரை லாயத்தில் பிராணி ஒன்று உதைத்ததால் மரணமடைந்தார். ஆறுதல் கூற ஒருவர் வந்தார். காலுக்காக வந்திருக்கிறார் என்று எண்ணி, அதன் நன்மையைத் தாம் அல்லாஹ்விடம் எதிர்பார்த்துவிட்டதாக உர்வா (ரஹ்) கூறினார்கள். காலுக்காக அல்ல, மகனுக்காக என்று வந்தவர் சொல்ல நேர்ந்தது. படுக்கையில் கிடக்கும் தந்தைக்கு அச்செய்தி எட்டிய விதம் இதுதான்.

அச்சமயத்தில் அப்ஸ் கோத்திரத்தைச் சேர்ந்த பார்வையிழந்த ஒருவர் கலீபாவிடம் வந்தார். பார்வை போன காரணத்தைக் கலீபா விசாரித்தார். தம் கோத்திரத்திலேயே பெரிய செல்வந்தர் அம்மனிதர். ஓரிரவு ஒரு பள்ளத்தாக்கில் தங்கியிருந்தபோது வெள்ளம் வந்து மனைவி மக்கள், பொருள் அனைத்தையும் வாரிக் கொண்டு போயிற்று. ஒரு கைக்குழந்தையும் ஓர் ஒட்டகமுமே மிச்சம். ஒட்டகம் மிரண்டு ஓடவே, குழந்தையைத் தரையில் வைத்துவிட்டுப் பிடிக்கப் போனார். குழந்தையின் அலறல் கேட்டுத் திரும்பினால் ஓநாய் அதைக் கவ்வியிருந்தது. மறுபடி ஒட்டகத்தைப் பிடிக்கப் போனவரை அது முகத்தில் உதைத்தது, பார்வையும் போயிற்று. இதைக் கேட்ட கலீபா, அவரை உர்வாவிடம் அழைத்துச் செல்லுங்கள், தம்மைவிடப் பெரிய சோதனைக்கு ஆளானவர் உலகில் உண்டென்று அவர்கள் அறியட்டும் என்று அனுப்பி வைத்தார். நோயாளியைப் பார்க்கப் போகும் நாம் கவலையைக் கூட்டும் கதைகளைச் சுமந்து செல்கிறோம். மனத்தைத் தேற்றும் செய்தி எது என்று தேர்ந்து கொண்டு போவதும் ஒரு சுன்னத்தான நற்செயலைச் செவ்வையாகச் செய்வதாகும்.

வாதில் குராவில் ஒரு கணக்கு

காயம் ஆறி ஊர் திரும்பினார்கள். போகும்போது இரண்டு காலும் ஒரு மகனும் உடன் வந்தார்கள். திரும்பும்போது ஒரு காலும் இல்லை, மகனும் இல்லை. வழி நெடுகிலும் அதைப் பற்றி ஒரு சொல் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. நோய் முதன்முதலில் தோன்றிய அந்த வாதில் குராவை அடைந்தபோதுதான் வாய் திறந்தார்கள். முதலில் ஸூரத்துல் கஹ்பில் வரும் ஓர் ஆயத்துப் பகுதியை ஓதினார்கள். நபி மூஸா (அலை) அவர்கள் பயணத்தின் களைப்பைத் தம் ஊழியரிடம் சொன்ன இடம் அது. களைத்துப் போனேன் என்று சொல்வது முறையீடல்ல, நபிமார்களும் சொல்லியிருக்கிறார்கள். ஷுக்ரு செய்பவன் வலியே தெரியாத கல்லாக இருக்க வேண்டுமென்று மார்க்கம் கேட்கவில்லை.

பிறகு தம் ரப்பிடம் கணக்குச் சொன்னார்கள். ஏழு ஆண் மக்களைத் தந்திருந்தாய், ஒருவரை எடுத்துக் கொண்டு ஆறு பேரை விட்டு வைத்தாய். இரு கை இரு கால் என நான்கு உறுப்புகளைத் தந்திருந்தாய், ஒன்றை எடுத்துக் கொண்டு மூன்றை விட்டு வைத்தாய். நீ சோதித்திருந்தால் சுகமும் தந்திருக்கிறாய், நீ எடுத்திருந்தால் மீதமும் வைத்திருக்கிறாய் என்பது அந்த முனாஜாத்தின் சாரம்.

சகோதரர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு மக்களும் மூன்று உறுப்புகளும் டமாஸ்கஸில் புதிதாகக் கிடைத்தவையல்ல. பயணத்துக்கு முன்பே இருந்தவைதாம். ஒன்று போன பிறகு, மிச்சமிருந்த ஒவ்வொன்றும் புதுக் கொடையாகவே அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

காலில்லாத ஆண்டுகள்

மதீனாவாசிகள் திரண்டு வந்து ஆறுதல் சொன்னார்கள். அவர்களில் ஹஜ்ரத் தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தவர் ஒருவர் சொன்னதே மனத்துக்கு மிக இதமாக இருந்ததாம். உம்மை நாங்கள் ஓட்டப் பந்தயத்துக்கோ மல்யுத்தத்துக்கோ எதிர்பார்க்கவில்லை, எங்களுக்கு வேண்டிய உமது இல்மையும் நல்லாலோசனையையும் அல்லாஹ் எங்களுக்காக மீத்து வைத்திருக்கிறான் என்ற கருத்துப்பட அவர் பேசினார்.

அது உண்மையாகவே இருந்தது. ஹதீஸ்களைத் திரட்டியவர்களில் பெரும் பெயர் பெற்ற இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களும், மகனார் ஹிஷாம் (ரஹ்) அவர்களும் அவர்களிடம் பயின்றவர்களே. இல்மு நாடி வந்தவர்களுக்கு அதை அள்ளிக் கொடுப்பதற்குக் கால் தேவைப்படவில்லை.

மதீனாவை அடுத்த அகீக் பள்ளத்தாக்கில் அவர்களுக்கு ஒரு வீடும் கிணறும் இருந்தன. அக்கிணற்று நீரின் சுவையைப் புகழ்ந்து வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். உர்வா கிணறு என்றே அது பெயர் பெற்றது. வீட்டின் சிதைவுகளை மதீனாவில் இன்றும் காணலாம். பேரீத்தம்பழம் கனியும் பருவத்தில் தம் தோட்டத்து மதிற்சுவரில் ஒரு பகுதியைத் திறந்துவிடுவார்கள். மக்கள் நுழைந்து உண்பார்கள், எடுத்தும் செல்வார்கள். தோட்டத்துக்குள் செல்லும்போதெல்லாம், எல்லாம் அல்லாஹ் நாடியபடியே, அவனைக் கொண்டே அன்றி ஆற்றலில்லை என்னும் பொருளுள்ள கஹ்பு ஸூராவின் ஆயத்தை ஓதுவார்கள். பேரீத்தம்பழமும் தண்ணீரும்! சிறிய தாயாரின் வீட்டில் கேட்ட அந்த இரண்டு பொருள்களையும் ஊரார்க்குத் திறந்து வைத்திருந்தார்கள்.

ஹிஜ்ரி 94ஆம் ஆண்டில் (கி.பி. 713) உர்வா (ரஹ்) அவர்கள் வபாத்தானார்கள். அன்று நோன்பு நோற்றிருந்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. மதீனாவின் சட்ட மேதைகள் பலர் அடுத்தடுத்து மறைந்ததால் அவ்வாண்டுக்கே பிக்ஹு மேதைகளின் ஆண்டு என்று பெயர் வந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் செய்ய வேண்டியது

நம் வீடுகளிலும் கால் முறிந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்து படுத்திருப்பவர்கள், முதுமையால் நடக்க இயலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் நமக்கும் சில அமல்கள் உண்டு.

தொழுகையை விட்டுவிடக் கூடாது. நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். பாதம் கணுக்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டவருக்கு ஒளுவில் அந்தக் காலைக் கழுவும் கடமையில்லை. இந்தச் சலுகைகளும் நிஃமத்துகளே. தயங்காமல் ஏற்றுக் கொள்ள வேண்டும்.

மனிதனின் உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்றும், விடியும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மூட்டுக்காகவும் தர்மம் செய்ய வேண்டும் என்றும் ஹதீஸ்களில் வருகிறது. ஒரு தஸ்பீஹும் தர்மம். ஒரு தஹ்மீதும் தர்மம். லுஹா நேரத்தில் தொழும் இரண்டு ரக்அத் அதற்கு ஈடாகிவிடும். முழங்காலை மடக்கி நீட்ட முடிகிற ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டிய வரி இது!

ஒரு கவளம் உண்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லும் அடியானை அல்லாஹ் பொருந்திக் கொள்கிறான். ஒரு மிடறு குடித்துச் சொல்பவனையும் அப்படியே. நோயாளி முதன்முதலாகக் கஞ்சி இறங்கிய நாளில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த நாளில், சுவரைப் பிடித்து இரண்டடி வைத்த நாளில் வீட்டாரும் சேர்ந்து ஹம்து சொல்லட்டும். பிள்ளைகள் ஷுக்ரு என்பதைப் படிக்கும் மதரஸா அதுவே. மலஜலம் எடுத்து, மருந்து கொடுத்துக் கண் விழித்தவர்களுக்கும் நோயாளி வாயார நன்றி சொல்லட்டும். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகமாட்டான் என்பது நபிமொழியின் கருத்து.

சுகமாக இருப்பவர்களுக்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. சோதனைக்குள்ளானவரைக் காணும்போது, அதிலிருந்து தன்னைக் காத்த அல்லாஹ்வைப் புகழும் துஆ வந்திருக்கிறது. அதை அவர் காதில் விழாதபடி மெதுவாக ஓத வேண்டும் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். நம் ஷுக்ரு பிறர் மனத்தைப் புண்படுத்திவிடக் கூடாது.

இன்றிரவு படுக்கைக்குப் போகும் முன், உர்வா (ரஹ்) அவர்கள் போட்ட கணக்கை நாமும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். எடுக்கப்பட்டது எத்தனை, விட்டு வைக்கப்பட்டது எத்தனை என்று விரல் விட்டு எண்ணுவோம். எண்ணுவதற்கு விரல்கள் இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்வோம்.

வல்ல அல்லாஹ், நோயுற்றோருக்குப் பூரண ஷிபாவையும், சுகமாயிருப்போருக்கு ஷுக்ருடைய உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.